கிரவல் காணியின் மதிப்பு

பரந்தனில் நல்ல காணி என்றால், இரணைமடுத் தண்ணீர் பாய்ந்து ஈரம் நிற்கிற களிமண் வயல்தான். கிரவல் கிடக்கும் மேட்டுக்காணியை, தெருவுக்குப் போட அள்ளும் இடமாகவே பலர் பார்க்கிறார்கள். பிரான்சின் போர்தோ நகருக்கு வடக்கேயுள்ள மெடொக்கில் இந்தக் கணக்குத் தலைகீழ். கோதுமைக்கு உதவாத கூழாங்கல் மேடுகளில் விளையும் முந்திரிகைதான் அங்கே பெருவிலை வைனாகிறது. பயிரையும் மழையையும் தள்ளிவைத்துவிட்டு மண்ணுக்கு மட்டும் தரம் சொல்ல முடியாது என்பதற்கு மெடொக் நல்ல சான்று.

அந்த மேடுகள் பனியுகக் காலங்களில் ஆறுகள் மலைகளிலிருந்து உருட்டிவந்த கற்கள். இடையே கிடந்த சதுப்புகளை 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தப் பொறியியலாளர்கள் வாய்க்கால் வெட்டி வடித்தார்கள். அங்கே மழை ஆண்டு முழுவதும் பெய்யும். கற்களினூடே நீர் விரைந்து இறங்கிவிடுவதால் வேர் ஆழம் தேடிப் போகிறது. பழுக்கும் பருவத்தில் சற்றே தண்ணீர் குறைய, கொடி தழைப்பதை நிறுத்துகிறது. பழம் சிறுத்துச் சாறு செறிகிறது. பகல் வெயிலில் சூடேறும் கற்கள், பிந்திப் பழுக்கும் கபர்னே சோவினியோன் இனத்துக்குத் துணை.

கல்லின் சுவையே வைனில் இறங்குகிறது என்பார்கள். போர்தோ ஆய்வாளர் ஜெரார் செகன், மண்ணின் கனிமங்களைவிட அது கொடிக்கு நீரை அளந்து கொடுக்கும் விதமே முக்கியம் எனக் காட்டினார். மெடொக்கை ஒட்டி ஓடும் ஆற்றின் மறுபுறம், பொமரோல் பகுதியின் புகழ்பெற்ற பெத்ரூஸ் தோட்டம் களிமண்ணில்தான் இருக்கிறது. அங்கு நடுவது மெர்லோ இனம். புகழெல்லாம் வணிகர் கட்டியது என்ற வாதத்திலும் உண்மை உண்டு: 1855ஆம் ஆண்டின் வைன் தரவரிசை சந்தை விலையை வைத்தே வகுக்கப்பட்டது. ஆனால் அதே துறைமுகமும் அதே வணிகரும் இருந்தும், ஆற்றோரத்து வண்டல் தாழ்நிலத்து வைனுக்கு மெடொக் என்ற பெயரை இன்றும் சட்டம் தருவதில்லை.

அப்படியானால் பரந்தன் கிரவலில் முந்திரிகை நடலாமா? அவசரப்படக் கூடாது. யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல்மேல் கிடக்கும் செம்மண்ணில் அது விளைகிறது. நீர் தேங்காத மண்ணோடு கிணற்றிறைப்பும் கவாத்தும் அங்கே கைகொடுக்கின்றன. பரந்தன் உள்ள வன்னியில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நீண்ட வறட்சி. மெடொக்கில் வரமான வடிகால், இறைப்பில்லாத இடத்தில் இங்கே குறையாகிவிடும். வறட்சி தாங்கும் மரமுந்திரிகைக்கு அதே மேடு பொருந்தலாம். ஆகவே கிரவலை அள்ளி விற்குமுன் ஒரு குழி வெட்டி, மாரியிலும் கோடையிலும் நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்ப்பது நல்லது. எந்தப் பயிர் என்ற முடிவு அதற்குப் பிறகு வரட்டும்.