இங்கிலாந்து அணியின் பிறந்த ஊர்கள்

2004 மே மாதம், லார்ட்ஸ் மைதானம். நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்டில் இங்கிலாந்து 282 ரன் எடுத்தால் வெற்றி. கேப்டன் மைக்கேல் வானுக்குக் காயம் என்பதால் அணிக்குள் வந்த ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ், முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலேயே 112 அடித்திருந்தார். இரண்டாவது இன்னிங்ஸிலும் சதத்தை நெருங்கியவரை 83 ரன்னில் ரன் அவுட்டாக்கிவிட்டார் எதிர்முனையில் நின்ற நாசர் ஹுசைன். அந்தக் குற்ற உணர்வோடு கடைசிவரை நின்று, ஆட்டமிழக்காமல் 103 ரன் எடுத்து அணியை ஜெயிக்கவைத்தார். சில நாட்களில் ஓய்வையும் அறிவித்தார். புதியவருக்கு இடம் கிடைக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

வந்தவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். போனவர் பிறந்தது சென்னையில்.

ஹுசைனின் தந்தை ஜவாத், மெட்ராஸ் அணிக்கு ஆடியவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே குடும்பத்தோடு இங்கிலாந்து போய், லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில் கிரிக்கெட் பயிற்சிப் பள்ளி நடத்தினார். 1999 முதல் 2003 வரை இங்கிலாந்தின் டெஸ்ட் கேப்டனாக இருந்தவர் அந்தப் பள்ளியில் உருவான பையன்தான். தமிழ்நாட்டுக்கு இன்னொரு உறவும் உண்டு. உலகில் முதன்முதலாக 100 டெஸ்ட் ஆடியவரும், இங்கிலாந்தை 27 டெஸ்டுகளில் வழிநடத்தியவருமான காலின் கவுட்ரி, 1932இல் ஊட்டியில் ஒரு தேயிலைத் தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தவர். பிறப்பைப் பதிவுசெய்தது மட்டும் பெங்களூரில்.

இருவரும் ஏறக்குறைய ஒரே மண்ணில் பிறந்தவர்கள். ஆனால் கவுட்ரியைப் பார்த்து “நீ ஆங்கிலேயன்தானா?” என்று யாரும் கேட்டதில்லை. இங்கிலாந்து அணியில் ஆடிய வெளிநாட்டுப் பிறப்பினரின் நீண்ட பட்டியலைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடுதான் சாவி. பிறந்த ஊர் எல்லோருக்கும் உண்டு. அதைப் பற்றிய விசாரணை சிலருக்கு மட்டுமே நடந்தது.

பிரிட்டிஷ் பேரரசு பரவிய இடமெல்லாம் அதன் அதிகாரிகளும் வணிகர்களும் போனார்கள். அவர்களுக்கு அங்கே குழந்தைகள் பிறந்தார்கள். ஃப்ரெடி பிரவுன் பெரு நாட்டின் லிமாவில் பிறந்தார். டெட் டெக்ஸ்டர் மிலானில், பாப் உல்மர் கான்பூரில். இவர்களில் பிரவுனும் டெக்ஸ்டரும் கேப்டன்களாகவே ஆனார்கள்.

1932-33இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ‘பாடிலைன்’ தொடர் இந்த வகையில் வியப்பூட்டுவது. பிராட்மனை அடக்க, பேட்ஸ்மேனின் உடலைக் குறிவைத்து வேகப்பந்து வீசவைத்த கேப்டன் டக்ளஸ் ஜார்டின், பம்பாய் மலபார் ஹில்லில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். அந்த உத்தி நேர்மையற்றது என்று சொல்லி அப்படி வீச மறுத்த கப்பி ஆலன் பிறந்தது சிட்னியில். பேட்ஸ்மேனைச் சுற்றி லெக் திசையில் வளையம்போட்டு நிற்க மறுத்தவர், பட்டோடி நவாப் இஃப்திகார் அலி கான். கேப்டனும் அவரை எதிர்த்து நின்ற இருவரும் இங்கிலாந்துக்கு வெளியே பிறந்தவர்களே. ஆலன் எல்லா டெஸ்டுகளிலும் ஆடினார். சிட்னியில் தன் முதல் டெஸ்டிலேயே 102 அடித்த பட்டோடியோ அடுத்த டெஸ்டோடு வெளியேற்றப்பட்டார். 1946இல் அவர் இங்கிலாந்துக்கு மீண்டும் வந்தது இந்திய அணியின் கேப்டனாக.

பட்டோடிக்கும் முன்னோடி ரஞ்சித்சிங்ஜி. கத்தியவாரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, சசெக்ஸ் அணிக்கு ரன்களைக் குவித்துக்கொண்டிருந்த அவரை 1896இல் லார்ட்ஸ் டெஸ்டுக்கு எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் டெஸ்ட் நடக்கும் மைதானத்தின் நிர்வாகமே அணியைத் தேர்ந்தெடுக்கும். லார்ட்ஸில் செல்வாக்கோடு இருந்த ஹாரிஸ் பிரபு, இப்படி வந்து போகிறவர்களை இங்கிலாந்துக்கு ஆடவிடக் கூடாது என்று எதிர்த்ததாகச் சொல்லப்படுகிறது. அடுத்த டெஸ்ட் மான்செஸ்டரில் நடந்தபோது அந்த ஊர் நிர்வாகம் ரஞ்சியை அழைத்தது. 62 ரன், பிறகு ஆட்டமிழக்காமல் 154. ஹாரிஸ் பிரபு எங்கே பிறந்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். டிரினிடாட்டில். அவருடைய தந்தை அங்கே கவர்னர்; பிறகு மெட்ராஸ் மாகாணத்துக்கும் கவர்னராக வந்தவர். அந்த மகன் இங்கிலாந்துக் கேப்டன் ஆனபோது அவர் பிறப்பு யாருக்கும் பொருட்டாக இல்லை.

இந்த வரலாற்றின் மையத்தில் நிற்பவர் பேசில் டி’ஒலிவேரா. கேப்டவுனில் பிறந்தவர். வெள்ளையர் அல்லாதவர் என்பதால் தென்னாப்பிரிக்க அணியில் ஆடும் பேச்சுக்கே இடமில்லை. வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டுக்குக் கடிதம் எழுதி, அவர் உதவியால் 1960இல் லங்காஷயரில் ஒரு லீக் அணிக்கு ஆட வந்தார். வயது கூடிவிட்டது என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் சில ஆண்டுகளைக் குறைத்துச் சொன்னார். 1966இல் இங்கிலாந்துக்கு ஆடத் தொடங்கியபோது உண்மையில் அவருக்கு 34 வயது.

1968 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான கடைசி டெஸ்ட். வேறொருவர் விலகியதால் கிடைத்த வாய்ப்பில் டி’ஒலிவேரா 158 ரன் எடுத்தார். இங்கிலாந்து வென்றது. அந்தக் குளிர்காலத்தில் அணி போகவேண்டியது தென்னாப்பிரிக்காவுக்கு. டெஸ்ட் முடிந்த அன்று இரவு லார்ட்ஸில் கூடிய தேர்வுக் கூட்டம் அவர் பெயரை விட்டுவிட்டது. கிரிக்கெட் காரணங்கள்தான் என்றார்கள். நாடே நம்பவில்லை. ஊட்டியில் பிறந்த கேப்டன் கவுட்ரியும், சிட்னியில் பிறந்த கப்பி ஆலனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. தங்கள் பிறப்பிடத்துக்காக ஒரு நாளும் விலை கொடுக்காதவர்கள் கூடி எடுத்த முடிவுக்கு, பிறந்த நாட்டையே இழந்துவந்த ஒருவர் விலை கொடுக்க நேர்ந்தது.

செப்டம்பரில் டாம் கார்ட்ரைட் காயத்தால் விலக, டி’ஒலிவேரா சேர்க்கப்பட்டார். இது நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் அணி என்று சொல்லி ஏற்க மறுத்தார் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர். பயணம் ரத்தானது. நிறவெறிக்கு எதிரான தடையால் 1970க்குப் பிறகு 22 ஆண்டுகள் தென்னாப்பிரிக்கா எந்த டெஸ்டும் ஆடவில்லை. இன்று இரு நாடுகளும் மோதும் டெஸ்ட் தொடரின் கோப்பைக்கு டி’ஒலிவேராவின் பெயர்.

அந்தத் தடையின் இன்னொரு விளைவையும் பார்க்க வேண்டும். டெஸ்ட் ஆட வழியில்லாத வெள்ளைத் தென்னாப்பிரிக்கர்கள், பிரிட்டிஷ் பெற்றோர் இருந்தால் இங்கிலாந்தை நாடினார்கள். ஆலன் லாம்ப் 79 டெஸ்ட் ஆடினார். டர்பனில் பிறந்த ராபின் ஸ்மித் 62. நிறவெறி ஒருவரை விரட்டியது; நிறவெறிக்கு எதிரான தடை சிலரை அனுப்பிவைத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது.

இன்றைய ஜிம்பாப்வேயான ரொடீஷியாவில் பிறந்த கிரேம் ஹிக்கின் கதை வேறு. 17 வயதில் ஜிம்பாப்வேயின் 1983 உலகக் கோப்பை அணியில் இடம்பெற்றவர். டெஸ்ட் ஆசையால் இங்கிலாந்தில் ஏழு ஆண்டு தகுதிக்காலம் காத்திருந்தார். அதற்கிடையே கவுண்டி போட்டியில் 405 ரன் அடித்து, வரப்போகும் மாமேதை என்று பேரெடுத்தார். 1991இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் டெஸ்ட். இரண்டு இன்னிங்ஸிலும் 6 ரன். முதல்தரப் போட்டிகளில் 136 சதம் அடித்தவரின் டெஸ்ட் சராசரி 31தான். அந்த நீண்ட காத்திருப்பே அவர் மேல் சுமையாக ஏறிவிட்டது என்றே தோன்றுகிறது. அவர் முதல் டெஸ்ட் ஆடிய அடுத்த ஆண்டே ஜிம்பாப்வேக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது.

இன்னொரு பக்கம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரீபியனிலிருந்து பிரிட்டனுக்குப் பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களில் முதலாமவர் டெஸ்ட் அணிக்குள் வந்தது 1981 மேற்கிந்தியப் பயணத்தில். அந்தப் பயணத்தில், ஷிம்லாவில் பிறந்த ராபின் ஜாக்மன் தென்னாப்பிரிக்காவில் ஆடியவர் என்பதற்காக கயானா அரசு அவருக்கு அனுமதி மறுத்தது. ஜார்ஜ்டவுன் டெஸ்டே நடக்கவில்லை. அடுத்து பார்படாஸின் பிரிட்ஜ்டவுனில் ஜாக்மன் டெஸ்டில் அறிமுகமானார். அதே டெஸ்டில் ரோலண்ட் புட்சரும் அறிமுகமானார். இங்கிலாந்துக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் டெஸ்ட் ஆடத் தொடங்கியது, தான் பிறந்த தீவிலேயே.

அவருக்குப் பின் நார்மன் கவன்ஸ், பில் டெஃப்ரெய்டஸ், கிளாட்ஸ்டன் ஸ்மால் எனப் பலர் வந்தார்கள். ஜமைக்காவில் பிறந்த டெவன் மால்கம், 1994இல் அதே ஓவலில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 57 ரன்னுக்கு 9 விக்கெட் சாய்த்தார். அடுத்த ஆண்டு ‘விஸ்டன் கிரிக்கெட் மன்த்லி’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. வெளிநாட்டில் பிறந்தவர்களும் கறுப்பின வீரர்களும் இங்கிலாந்துக்காக முழு மனதோடு ஆடுவார்களா என்று அது கேட்டது. மால்கமும் டெஃப்ரெய்டஸும் சட்ட நடவடிக்கை எடுத்தார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. 9 விக்கெட்டுக்குப் பிறகும் ஒருவர் தன் விசுவாசத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது என்பது வெட்கக்கேடு.

விதிகள் என்ன சொல்கின்றன? பிரிட்டிஷ் குடியுரிமை கட்டாயம். இங்கிலாந்திலோ வேல்ஸிலோ பிறக்காதவர் குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கே வசிக்க வேண்டும். எத்தனை ஆண்டுகள் என்பதுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஆங்கிலேயத் தாய்க்குப் பிறந்த கெவின் பீட்டர்சன், அணித் தேர்வில் இருந்த இன ஒதுக்கீட்டை எதிர்த்து வெளியேறி, நான்கு ஆண்டு காத்திருந்து 2004இல் இங்கிலாந்துக்கு வந்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பிறந்த நாட்டு ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே மூன்று ஒருநாள் சதம் அடித்தார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிடமிருந்து ஆஷஸைத் திரும்பப் பெற்றுத்தந்த ஓவல் இன்னிங்ஸில் அவர் எடுத்தது 158. டி’ஒலிவேரா அதே மைதானத்தில் எடுத்த அதே எண்.

2008 டிசம்பரில் சேப்பாக்கத்தில் பீட்டர்சன் தலைமையில் இங்கிலாந்து ஆடியபோது ஸ்ட்ராஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். டெண்டுல்கரின் சதத்தோடு இந்தியா 387 ரன்னை எட்டிய அந்த டெஸ்ட் சென்னை ரசிகர்களுக்கு மறந்திருக்காது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியாவில் ஆஷஸ் வென்ற அணியில் ஸ்ட்ராஸ், டிராட், பீட்டர்சன், பிரையர் என நால்வர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள்; நால்வரும் அந்தத் தொடரில் சதம் கண்டார்கள். 2012இல் 18 வயதுக்குப் பின் வருபவர்களுக்குத் தகுதிக்காலம் ஏழு ஆண்டாக உயர்ந்தது. 2019 தொடக்கத்தில் அது மூன்றாகக் குறைந்தது. பார்படாஸில் பிறந்த ஜோஃப்ரா ஆர்ச்சரால் அந்த மாற்றத்தால்தான் அந்த ஆண்டு உலகக் கோப்பையில் ஆட முடிந்தது.

லார்ட்ஸில் நடந்த இறுதிப் போட்டியின் பதினொருவரில் நால்வர் வெளியே பிறந்தவர்கள்: கேப்டன் இயோன் மார்கன் டப்ளினில், ஜேசன் ராய் டர்பனில், பென் ஸ்டோக்ஸ் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில், சூப்பர் ஓவர் வீசிய ஆர்ச்சர் பிரிட்ஜ்டவுனில். நியூசிலாந்தை வீழ்த்திய ஸ்டோக்ஸின் பெயரை அந்நாட்டிலேயே ‘ஆண்டின் சிறந்த நியூசிலாந்தர்’ விருதுக்குப் பரிந்துரைத்தார்கள். தோற்ற அணியின் கேப்டன் வில்லியம்சனுக்குக் கொடுங்கள் என்று அவர் விலகிக்கொண்டார்.

வீரர்களின் இந்த இடமாற்றத்தில் இழப்பைச் சுமந்தது அயர்லாந்து. மார்கன், எட் ஜாய்ஸ், பாய்ட் ராங்கின் என அதன் நல்ல ஆட்டக்காரர்கள் டெஸ்ட் ஆட வேண்டி இங்கிலாந்து போனார்கள். 2017இல் அயர்லாந்துக்கே டெஸ்ட் தகுதி கிடைத்த பிறகு நிலைமை மாறியது. ஏற்கெனவே திரும்பிவிட்டிருந்த ஜாய்ஸும் ராங்கினும் 2018இல் அந்நாட்டின் முதல் டெஸ்டில் ஆடினார்கள். 2019 உலகக் கோப்பையை வென்ற பத்தாம் நாள், லார்ட்ஸில் இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் அயர்லாந்திடம் 85 ரன்னுக்குச் சுருண்டது. அன்று 13 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்த அயர்லாந்து வேகப்பந்து வீச்சாளர் டிம் முர்ட்டா பிறந்தது லண்டனில்.