தங்கக் கை, இரும்புக் கை, கொக்கி: எது வேலைக்கு ஆகும்?

இரும்புலியூர்ல இருந்து பேசிக்கிட்டு இரும்புக் கையைத் தொடாம விட்டா எப்படி? 1972-ல முத்து காமிக்ஸோட முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். ஆனா நம்ம ஊர்ல செயற்கைக் கை கதை அதைவிட ரொம்பப் பழசு.

பொற்கைப் பாண்டியன் கதை சிலப்பதிகாரத்துலயே இருக்கு. ராத்திரி ஒரு வீட்டுக் கதவைத் தவறா தட்டிட்ட ராஜா, தண்டனையா தன் கையையே வெட்டிக்கிட்டு, தங்கக் கை வெச்சுக்கிட்டான்னு சொல்வாங்க. இப்போ ஒரு கணக்கு. ஒரு கையோட கன அளவு சுமார் 400 மில்லின்னு வெச்சுக்குவோம். கெட்டியா வார்த்தா தங்கத்துல 7.7 கிலோ, இரும்புல 3.1 கிலோ, அலுமினியத்துல 1.1 கிலோ. நம்ம நிஜக் கை அரை கிலோகூட வராது! அதனால உலோகக் கைன்னா உள்ளே கூடா, தகட்டுல செஞ்சாதான் மாட்டிக்கவே முடியும்.

விரலை யார் மடக்குறது?

1504-ல லாண்ட்ஸ்ஹூட் முற்றுகையில பீரங்கியால வலது கையை இழந்தவர் ஜெர்மன் வீரர் கோட்ஸ் ஃபொன் பெர்லிஷிங்கன். அவரோட இரண்டாவது இரும்புக் கையில விரல்கள் மூட்டு மூட்டா மடங்கும். இன்னொரு கையால அமுக்கினா பற்சக்கரம் பூட்டிக்கும். பட்டனைத் தட்டினா ஸ்பிரிங் விரலை நிமிர்த்திடும். பிடிப்பு சூப்பர். ஆனா இயக்க இன்னொரு கை வேணும்.

இந்தச் சிக்கலை உடைச்சது ஒரு பல் டாக்டர்! 1800-களோட தொடக்கத்துல பெர்லின்ல பீட்டர் பாலிஃப், தோள் அசைவை வார் வழியா விரலுக்குக் கொண்டுபோனார். 1912-ல அமெரிக்காவுல டேவிட் டோரன்ஸ் பேடன்ட் வாங்கின பிளவுக் கொக்கியும் இதே வழிதான். தோளை அசைச்சா கேபிள் இழுத்துத் திறக்கும், ரப்பர் பேண்ட் மூடும். டோரன்ஸே ஒரு கையை இழந்தவர். அதனால பார்க்க கை மாதிரி இருக்கணும்னு அவர் கவலைப்படல.

இன்னைக்கும் இதே கேள்விதான்

பிரஸ் மெஷின்ல கை போன ஒருத்தருக்கு முதல்ல கிடைக்கிற ஆலோசனை, "சட்டைக்குள்ள தெரியாம இருக்கிற மாதிரி ஒண்ணு வாங்கிக்கோ." அழகுக்கான ரப்பர் கை தப்பில்ல. ஆனா அது டம்ளரைப் பிடிக்காது. கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை மாதிரி இடத்துக்கு உங்க ஆளைக் கூட்டிட்டுப் போனா, மூணு கேள்வி கேளுங்க: எடை எவ்வளவு? ஒத்தைக் கையாலயே மாட்டிக்க முடியுமா? அவர் பார்க்கிற வேலைக்குப் பிடி கிடைக்குமா? வேலைக்கு ஒண்ணு, விசேஷத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு வெச்சுக்கிறவங்களும் இருக்காங்க.

அடுத்த எபிசோடுல, தசை சிக்னல்ல ஓடுற கை.