உங்களுக்குத் தெரியுமா? – ஒரு மாதம் துப்பாக்கி முனையில்!

ஈராக்கில் பிறந்த கலைஞர் வஃபா பிலால், 2007-இல் சிகாகோவின் ஃபிளாட்ஃபைல் கேலரியில் ஓர் அறையில் ஒரு மாதம் தங்கினார். எதிரே கேமரா பொருத்திய பெயிண்ட்பால் துப்பாக்கி. இணையத்தில் நேரலை பார்க்கும் எவரும், எந்நேரமும் அதைத் திருப்பி அவரைச் சுடலாம். கட்டில், மேசை, சுவர் எல்லாம் மஞ்சள் பெயிண்ட்! 60,000 தடவைக்கும் மேல் சுட்டார்கள்.

2004-இல் நஜஃபில் அமெரிக்கத் தாக்குதலில் சகோதரரைப் பறிகொடுத்தவர் பிலால். அமெரிக்காவில் உட்கார்ந்தபடியே ஈராக்கில் குண்டு வீசுவது பற்றிய ஒரு டி.வி. பேட்டி அவரை உலுக்க, பிறந்தது இந்தப் போர் எதிர்ப்புக் கலைப்படைப்பு. நெஞ்சைத் தொடுவது இதுதான்: முன்பின் தெரியாத சிலர், முறைவைத்துத் துப்பாக்கியை வேறு பக்கம் திருப்பியே வைத்து அவரைக் காத்தார்கள். ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளிதழ் அந்த ஆண்டின் சிறந்த கலைஞராக அவரையே தேர்ந்தெடுத்தது.