உரைத்தொகுப்பியும் சிதைந்த தமிழும்

கணினியிற் கட்டுரை எழுதுவார் நம் கல்லூரியிற் பலர். அவருட் பெரும்பாலார் அணிநலம் மிக்க பெருஞ்செயலிகளைக் கையாள்வர்; சிலர் நோட்பேட், நோட்பேட்++, விம், ஈமாக்ஸ் என்னும் எளிய உரைத்தொகுப்பிகளையே விரும்புவர். உரைத்தொகுப்பியாவது, தடிப்பும் வண்ணமும் பக்க ஓரமும் இன்றி, எழுத்தை எழுத்தாகவே கோப்பில் இட்டுவைக்கும் செயலி. அதனாற் கோப்புச் சிறிதாம், எக்கணினியிலும் திறக்கலாம், நெடுங்காலம் நிற்கும். சொற்பட்டியல், பாடபேதக் குறிப்பு, நூலடைவு முதலியன தொகுக்கும் தமிழ் மாணாக்கர்க்கு இதனினும் உற்ற துணை வேறில்லை.

ஆயினும், இத்துணை எளிய கருவியே தமிழெழுதுவாரை மிகுதியும் அலைக்கழிக்கின்றது. நேற்று நன்றாயிருந்த கோப்பு இன்று திறக்கும்போது கிறுக்கலாய்த் தோன்றும். கொம்பு ஓரிடத்தும் மெய் ஓரிடத்துமாய்ப் பிரிந்து நிற்கும். எழுத்திருக்க வேண்டிய இடத்திற் கட்டங்கள் வரிசையாய் நிற்கும். இவை யாவும் ஒரு நோய் எனக் கருதி, கண்ட அமைப்பையெல்லாம் மாற்றிப் பார்ப்பது நம்மவர் வழக்கம். அவ்வழக்கமே கோப்பைக் கொல்வது.

உண்மையில் ஈண்டு மூன்று வேறு பொருள்கள் உள. விசைப்பலகை அமைப்பு எழுத்தாணி போல்வது. குறியேற்றம், அதாவது எழுத்துகளை எண்களாக்கிக் கோப்பில் வைக்கும் முறை, ஏடு போல்வது. எழுத்துரு மூக்குக்கண்ணாடி போல்வது. கண்ணாடி மங்கினால் துடைக்க வேண்டுவது கண்ணாடியை. ஏட்டைச் சுரண்டுதல் ஆகாது. ஆதலின், கிறுக்கலைக் கண்டதும் முதற்கண் செய்யத்தக்கது ஒன்றே: எதனையும் சேமியாது கோப்பை மூடி, அதற்கொரு படி எடுத்து வைத்துக்கொள்ளல். திறந்து பார்த்தலால் ஏடு அழியாது, சேமித்தலால் அழியும்.

மூன்றனுள் ஏடே தலையாயது. தமிழை எண்ணாக்கும் முறைகள் பல வழங்கின. பாமினி முறையில் இலத்தீன் எழுத்துகளின் எண்களே கோப்பில் இருக்கும். எழுத்துரு மட்டும் அவற்றின்மேல் தமிழ் வடிவைப் போர்த்திக் காட்டும். எனவே அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்னுஞ் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாய்த் தோன்றும். டிஸ்கி முறையில் முதல் 128 இடம் ஆங்கிலத்திற்கும் எஞ்சிய 128 இடம் தமிழுக்குமாக வகுக்கப்பட்டன. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்களை டிஸ்கி முறையிலும், பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டனர். ஒருங்குறியோ 1991-ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்களை ஒதுக்கியது. அவற்றுள் ‘க’ 2965-ஆவது இடத்தது.

பழைய முறைக்கும் ஒருங்குறிக்கும் இலக்கணம் அறிந்தார் நயக்கத்தக்க வேறுபாடு ஒன்று உளது. டிஸ்கியில் ‘கெ’ என்பது எழுதும் முறைப்படி முன் கொம்பும் பின் ககரமுமாய் வைக்கப்படும். ஒருங்குறியில் ஒலிக்கும் முறைப்படி முன் மெய்யும் பின் உயிர்க்குறியுமாய் வைக்கப்படும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் நூன்மரபிற் கூறிய கொள்கை. அதனையே கணினியும் மேற்கொண்டது. எழுத்துகளை உரிய இடத்தில் அமைத்துக் காட்டுதல் வரைபொறியின் கடமை.

இனி, ஒருங்குறிக் கோப்பை இக்காலத்துப் பெரும்பாலும் யூடிஎஃப்-8 என்னும் வகையிற் சேமிப்பர். அதன்படி ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகும். ‘க’ என்பது 224, 174, 149 என்னும் மூன்றெண். உரைத்தொகுப்பி இதனை யூடிஎஃப்-8 என அறியாது, ‘ஆன்ஸி’ எனப்படும் பழைய இலத்தீன் முறையெனக் கொண்டு திறப்பின், மூன்றெண்ணும் மூன்று தனியெழுத்தாய்த் தோன்றும். தலையிற் சாய்கோடு தாங்கிய சிறிய ‘ஏ’ என்னும் இலத்தீன் எழுத்து முதலில் வரும். அதனை அடுத்து வட்டத்துள் அடைபட்ட ‘ஆர்’ குறியோ மேற்கோடு ஒன்றோ வரும். பக்கமெங்கும் இவ்விணை மீண்டும் மீண்டும் வருமாயின் ஐயுறவேண்டா: ஏடு நலமாயுள்ளது, படிப்பவனே பிழைபடப் படிக்கின்றான்.

இதற்கு மருந்து எளிது. நோட்பேட்++ செயலியில் ‘என்கோடிங்’ பட்டியைத் திறந்து யூடிஎஃப்-8 என்பதைத் தெரிந்தாற் போதும். ஆயின் அப்பட்டியில் ஒரு பொறி உண்டு. மேற்பகுதியிலுள்ளவை ‘இம்முறையிற் படி’ என்பன. கீழ்ப்பகுதியில் ‘கன்வெர்ட்’ என்னுஞ் சொல்லொடு வருவன ‘இம்முறைக்கு மாற்றி எழுது’ என்பன. கிறுக்கல் தோன்றும்போது கீழதைத் தெரிந்து சேமித்தால், அக்கிறுக்கலே மெய்யான எழுத்தாகக் கோப்பிற் பதிந்துவிடும். மூன்று பைட்டாயிருந்த ககரம் ஆறிற்குக் குறையாத பைட்டாகும். விம் செயலியிலும் இத்தகைய இரட்டை உளது: ‘என்கோடிங்’ என்பது நினைவில் வைக்கும் முறை, ‘ஃபைல்என்கோடிங்’ என்பது கோப்பில் எழுதும் முறை. பின்னதை மாற்றுதலாற் படித்தது திருந்தாது. சேமிப்பது மட்டும் மாறும். படிப்பைத் திருத்த வேண்டின் கோப்பை உரிய முறை கூறி மீண்டும் திறத்தல் வேண்டும்.

விண்டோஸ் நோட்பேட் 2019-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10 திருத்தத்திலிருந்துதான் யூடிஎஃப்-8 முறையை இயல்பாகக் கொண்டது. அதற்கு முன் ‘ஆன்ஸி’யே இயல்பு. தமிழ்க் கோப்பை அம்முறையிற் சேமிக்க முயன்றால் அஃது எச்சரிக்கும். எச்சரிக்கையைப் படியாது ‘சரி’ என்பாரே பலர். அவ்வாறு சேமித்த கோப்பில் ஒவ்வோர் எழுத்தும் வினாக்குறியாகிவிடும். அதற்கு மருந்தில்லை.

இருமுறை மாற்றப்பட்ட கோப்புக்கோ மருந்து உண்டு. நான் வாழும் கோவிலம்பாக்கத்தில், பணி நிறைவுற்ற தமிழாசிரியர் ஒருவர் எம் தெருவினர். இப்பகுதி வீடுகளால் நிறையுமுன் ஏரியும் கழனியுமாயிருந்த காலத்து உழவரிடைப் பயின்ற சொற்களைப் பல்லாண்டு கேட்டுத் திரட்டி வைத்திருந்தார். மதகு, தூம்பு, கலங்கு, மடை, வரப்பு என அவை விரியும். அச்சிடக் கொடுத்தவிடத்து யாரோ கோப்பைத் திறந்து, கிறுக்கலைக் கண்டு, மாற்றிச் சேமித்துத் திருப்பித் தந்தனர். வேறு படி இல்லை. சொல்லிக் கொடுத்த முதியோருட் பலர் இன்று இலர். “ஐயா, எழுத்து அழியவில்லை, போர்வை ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவே” என்று கூறிக் கோப்பை வாங்கி வந்தேன். செய்யவேண்டியது தலைகீழ் வேலை: முதலில் யூடிஎஃப்-8 ஆகத் திறந்து, ‘ஆன்ஸி’க்கு மாற்றி எழுதுவித்து, அவ்வாறு வந்ததை மீண்டும் யூடிஎஃப்-8 ஆகப் படித்தல்.

பெரும்பகுதி மீண்டது; ஆயினும் ஆங்காங்கு ஓட்டை இருந்தது. காரணம் ஆராயத்தக்கது. நம் கணினிகளில் ‘ஆன்ஸி’ என வழங்குவது பெரும்பாலும் விண்டோஸ் 1252 என்னும் அட்டவணை. அதில் 129, 141, 143, 144, 157 என்னும் ஐந்து எண்களுக்கு எழுத்து இல்லை. தமிழ்க்குறிகளின் மூன்றாம் பைட்டுகளைப் பார்ப்பின், உகரக்குறிக்கு 129, புள்ளிக்கு 141, ஏகாரத்திற்கு 143, ஐகாரத்திற்கு 144 என வருகின்றன. சில செயலிகள் இவ்வெண்களை அப்படியே காக்கும். சில வினாக்குறி இட்டுவிடும். எனவே பழுது நேரின் முதலில் மடிவன இந்நான்குமே. தமிழில் மிகப் பயில்வனவாகிய புள்ளியும் உகரமும் அவற்றுள் இரண்டாதல் நம் தீவினை போலும்!

எனினும் இவ்விடத்துக் கணினி கைவிட்டாலும் இலக்கணம் கைவிடவில்லை. ஓட்டையான இடத்திலும் முதலிரு பைட்டுகள் எஞ்சியுள்ளன. அவை 224, 174 எனின் இழந்தது ஏகாரமோ ஐகாரமோ ஆதல் வேண்டும்; 224, 175 எனின் புள்ளியோ உகரக்குறியோ ஆதல் வேண்டும். ‘மதக’ என நின்று இறுதியில் ஓட்டை இருப்பின், அது ‘மதக்’ ஆகாது. வல்லின மெய் தமிழ்ச்சொல்லின் ஈற்றில் வாராது. ஆதலின் ‘மதகு’ என்க. ‘தூ’ என்பதன் பின் மகரமும் பகரமும் ஓட்டையொடு நிற்பின், இடையில் மெல்லினப் புள்ளியும் இறுதியில் உகரமும் கொள்ள ‘தூம்பு’ என மீளும். ஓட்டையின் பின் ‘ரி’ நிற்பின் ‘ஏரி’ என்பதன்றி வேறு கொள்ளுதற்கில்லை. ஏழ்–ஏழு, ஐது–ஏது போல இரண்டும் சொல்லாய் நிற்பன மிகச் சிலவே. அவற்றை ஆசிரியரிடமே கேட்டு நிரப்பினோம். எழுத்ததிகாரத்து மொழியிறுதி விதிகளைத் தேர்வுக்கன்றி வேறொன்றற்கு நான் பயன்கொண்டது அதுவே முதன்முறை.

கண்ணாடிக் குறைகளைச் சுருங்கக் கூறலாம். எழுத்துக்குப் பதிலாக வெறுங்கட்டம் தோன்றின் எழுத்துரு இல்லையென்பது பொருள். புள்ளியிட்ட வட்டத்தொடு கொம்பு தனித்து நின்றால், எழுத்துகளைக் கோத்துக் காட்டும் பொறி செயற்படவில்லை, அன்றேல் குறிகள் முறை பிறழ எழுதப்பட்டன என்று கொள்க. 2000-ஆம் ஆண்டு விண்டோஸ் ‘லதா’ எழுத்துருவொடு வந்தமையால் பழைய அமைப்புக் கோப்புகள் பல அப்பெயரையே சுட்டும். விண்டோஸ் 10 முதல் அது வேண்டுவார் தனியே சேர்த்துக்கொள்ளும் எழுத்துருவாயிற்று. ஈமாக்ஸ் 2020-ஆம் ஆண்டு வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் கோப்புப்பொறியைத் துணைக்கொண்டது. அதனின் முற்பட்டதை வைத்திருப்பார் புதியதற்கு மாறுதல் நன்று. டெர்மினலுக்குள் விம்மைத் திறப்பார்க்குக் கொம்பு பிறழ்தல் அவ்வாயிலின் குறை. எல்லா எழுத்தையும் ஒத்த அளவுள்ள கட்டத்தில் அடைக்க முயலுமிடத்துத் தமிழ் அடங்காது.

எழுத்தாணிக் குறை அறிதற்கு மிக எளிது. பழைய கோப்பு நன்றாய்த் தோன்றிப் புதிதாய் அடிப்பது மட்டும் பிழையாயின், விசைப்பலகையே காரணம். 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் உயிரெல்லாம் இடப்புறமும் மெய் வலப்புறமும் அமையும். மகரத்தை இருமுறை அடித்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். தட்டச்சு முறைக்குப் பழகினார்க்கு இஃது இடையூறாய்த் தோன்றும். விம் பயில்வாரோ தமிழ் விசைப்பலகையை விட்டுவைத்துக் கட்டளை இட முயன்று மயங்குவர். அதற்கு ‘கீமேப்’ என்னும் உள்ளமைப்பைக் கொண்டால் எழுதும் நிலையில் மட்டும் தமிழ் வரும்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் செயலி மாறாடினால், அமைப்புக் கோப்பை ஐயுறுக. முதலில் அக்கோப்பைப் படியாதபடி செயலியைத் திறந்து பார்த்தல் வேண்டும்: ஈமாக்ஸுக்குக் கழித்தற்குறியொடு பெரிய ‘க்யூ’, விம்முக்கு இருகழித்தற்குறியொடு ‘க்ளீன்’. அப்போது குறை நீங்கின், குற்றவாளி அமைப்புக் கோப்பினுள் இருக்கின்றான். பாதி வரிகளை விலக்கிப் பார்த்து, குறையுள்ள பாதியை மீண்டும் பாதியாக்குக. 64 வரியாயினும் ஆறு சோதனையில் ஒரு வரி எஞ்சும். விம்மில் ‘வெர்போஸ் செட்’ என வினவின், ஓர் அமைப்பை இறுதியாக மாற்றிய கோப்பு எதுவென அதுவே உரைக்கும். ஈமாக்ஸில் இல்லக் கோப்புறையில் ‘.ஈமாக்ஸ்’ என்னுங் கோப்பு இருக்குமாயின், ‘.ஈமாக்ஸ்.டி’ உறையிலுள்ள ‘இனிட்’ கோப்புப் படிக்கப்படாது. படிக்கப்படாத கோப்பை நாள்முழுதும் திருத்துவாருக்கு இவ்வொரு செய்தி போதும்.

இறுதியாக, அமைப்புப் பிழை போலத் தோன்றி அமைப்பால் தீராத ஒன்று. ஒரு சொல்லைத் தேடினால், கண்ணெதிரே அது நிற்கவும் ‘இல்லை’ எனத் தொகுப்பி கூறும். ‘கொ’ என்பதன் குறியை 3018 என்னும் ஒரே எண்ணாகவும் எழுதலாம். 3014, 3006 என்னும் கொம்பும் காலுமாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது ஒருங்குறி விதி. ஆயினும் தேடுபொறிகள் யாவும் அவ்விதியைப் பின்பற்றுவதில்லை. ‘ஔவை’ என்பதன் முதலெழுத்தை 2964 ஆகிய ஒரே எண்ணாக எழுதாது, ஒகரமும் ளகரமுமாக அடித்தவர் பலர். அவ்விரண்டும் விதியாலும் ஒன்றாகா, கண்ணுக்கு மட்டுமே ஒன்று. ஐயம் வந்தவிடத்துக் காட்டியை எழுத்தின்மேல் வைத்து, விம்மில் ‘ஜி’, ‘ஏ’ என்னும் இரு விசைகளை அடித்தால் அவ்விடத்து எண்கள் தோன்றும். ஈமாக்ஸில் ‘டிஸ்கிரைப் கேர்’ என்னுங் கட்டளை எழுத்தின் பெயரையும் சேர்த்துக் கூறும். 2962-ஐ அடுத்து 2995 வருமாயின், ஔவையார் ‘ஒளவை’யாராய் நிற்கின்றார் என்று அறிக.