கோழிக்கூண்டும் எலி வளையும்: அன்றும் இன்றும்

திருப்புட்குழிப் பக்கத்து ஊர்களில் ஒரு தலைமுறைக்கு முன்பு கோழிக்கென்று தனித் தீவனம் கிடையாது. காலையில் இரண்டு கை நொய்யோ கேழ்வரகோ இறைத்தால் கடைசி மணி வரை கொத்தித் தீர்த்துவிடும். மீதிப் பசிக்குக் குப்பைமேட்டில் கரையானும் புழுவும். பொழுது சாய்ந்ததும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே கல்லைத் தூக்கி வைப்பார்கள். அங்கே எலிக்கு வேலை குறைவு. அது குடியிருந்தது களத்திலும் வைக்கோல்போரிலும் நெல் குதிருக்குப் பின்னாலும்தான்.

இன்று களமும் குதிரும் அருகிவிட்டன. அறுவடை இயந்திரம் கொட்டும் நெல் வயலிலிருந்தே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அந்த இடத்துக்குக் கம்பிவலைக் கூண்டும் கோழித்தீவன மூட்டையும் வந்திருக்கின்றன. மூட்டை மாட்டுக்கொட்டகை மூலையில் வெறுந்தரையில் கிடக்கிறது. தீவனத் தட்டு விடியவிடியக் கூண்டுக்குள்ளேயே இருக்கிறது. களமும் குதிரும் போன எலி இங்கே வந்து சேர்ந்தது. முதலில் தீவனம், பிறகு முட்டை, கடைசியில் குஞ்சு. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. பக்கத்திலிருக்கும் குஞ்சை எலி இழுத்துப் போனாலும் தாய்க்கோழியால் தடுக்க முடியாது.

எலியை ஒழிக்கும் வழியும் மாறிவிட்டது. அந்த மாற்றம்தான் மனத்தை உறுத்துகிறது. அன்று எலி பெருகினால் எலி பிடிப்பதில் தேர்ந்த பழங்குடியினரான இருளரைக் கூப்பிடுவார்கள். வளை வாயில் ஈரம் காயாத புது மண் கிடந்தால், உள்ளே எலி இருக்கிறது என்று பார்த்ததுமே சொல்வார்கள். மற்ற வாய்களை மண்ணால் அடைத்துவிட்டு, அடியில் துளையிட்ட பானையில் வைக்கோலைத் திணித்துப் பற்றவைப்பார்கள். பானையின் வாயை வளையில் பொருத்தி, அடித்துளையில் வாய் வைத்து ஊதுவார்கள். புகையில் மயங்கிய எலிகளைக் கடப்பாரையால் தோண்டி எடுப்பார்கள். வரப்பெலி உள்ளே பதுக்கிய நெல்லும் அவர்களுக்கே. ஒரு சொட்டு விஷம் கிடையாது. ஆனால் ஊதியவரின் உதடு சுட்டது, நெஞ்சில் புகை ஏறியது. அதை மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ்வது நியாயமில்லை. ஊதும் வேலையைக் கையால் சுழற்றும் எஃகுக் கருவிக்கு மாற்றிக்கொடுத்தது சேது சேதுநாராயணன் என்பவரின் முயற்சி. 2003-இல் உலக வங்கியின் போட்டியில் அதற்குப் பரிசும் கிடைத்தது.

இன்று கை முதலில் போவது மருந்துக்கடைக்கு. புரோமாடியோலோன் என்ற எலிவிஷக் கட்டியைத் தின்ற எலி உடனே சாகாது. இரத்தம் உறையாமல் சில நாள் தள்ளாடித் திரியும். பூனைக்கும் நாய்க்கும் கூகைக்கும் எளிதாக அகப்படுவது அந்த எலிதான். துத்தநாக பாஸ்பைடு சீக்கிரம் கொல்லும்; ஆனால் கொஞ்சம் தின்று பிழைத்த எலி அந்த இரையை மறுபடி தொடாது. சிந்திய விஷத்தைக் கோழியே கொத்தும் ஆபத்தும் உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டோ எத்தனையோ மனித உயிர்களையே வாங்கியது. தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது.

கழுகரசன் ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த தலம் என்று திருப்புட்குழியைக் கொண்டாடுகிறோம். ஆனால் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து ஊசி, இறந்த மாட்டைத் தின்ற ஜடாயுவின் இனமான பிணந்தின்னிக் கழுகுகளை நாடெங்கும் ஏறக்குறைய அழித்தது. கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது 2006-இல், இனமே அழியும் நிலைக்கு வந்த பிறகு. இரவெல்லாம் நமக்காக எலி பிடிக்கும் கூகைக்கும், விஷம் தின்ற எலியால் அந்தக் கதி வரக் கூடாது.

செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. தீவனத்தை மூடியுள்ள தகர டிரம்மில் வையுங்கள். மாலையில் தட்டை வெளியே எடுத்துவிடுங்கள். கூண்டை இரண்டடி உயரக் கால்களில் நிறுத்தி, கால் அங்குலக் கண் உள்ள கெட்டிக் கம்பிவலை அடியுங்கள். வழக்கமான கோழிவலையில் சுண்டெலி தாராளமாக நுழையும். கருவாடு கட்டிய பொறி வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் இருளரைக் கூப்பிடுங்கள். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து பாம்புக்கடி மருந்து தயாராகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பாம்பின் தடத்தை அறிந்த அதே கண்தான் எலி வளையையும் அறிகிறது. பிடித்த எலியையும் பழைய சோற்றையும் கூலியாகக் காட்டாமல், ஒரு கைதேர்ந்த தொழிலாளிக்குரிய முழுக் கூலியைப் பணமாகக் கொடுங்கள்.