விவசாய உபாத்தியாயரைத் தயாரிக்கும் பட்டப்படிப்பும் அதன் திருத்தமும்

நல்ல வித்தின்றி நல்ல விளைவில்லை என்பது குடியானவர் யாவரும் அறிந்த விஷயம். அவ்வாறே நல்ல உபாத்தியாயரின்றி நல்ல கல்வியில்லை. ஆனால் பயிர்த்தொழிலைக் கற்பிக்கும் உபாத்தியாயர் விஷயத்தில் விசேஷமானதொரு கஷ்டம் உண்டு. சரித்திர உபாத்தியாயர் ஓர் ஆண்டைத் தவறாகச் சொல்லிவிட்டால், மறுநாள் வந்து திருத்திக்கொள்ளலாம். விவசாய உபாத்தியாயர் விதைக்கும் பருவத்தையோ எருவின் அளவையோ பிசகாகச் சொல்லிவிட்டால், அதை நம்பிய குடும்பத்திற்கு ஒரு போகம் போய்விடும். போன போகம் திரும்பி வராது. அந்தப் போகத்தை எதிர்பார்த்துச் சங்கத்தில் வாங்கிய கடனும் தவணை தவறும். ஆகையால், விவசாயம் போதிப்பவர் எதை, எங்கே, எவ்வளவு காலம் கற்க வேண்டும் என்னும் கேள்வி சர்வகலாசாலைப் பண்டிதர்களுக்கு மட்டும் உரியதன்று. கூட்டுறவுச் சங்க அங்கத்தினராகிய நமக்கும் உரியதே.

இவ்விஷயத்தில் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் பெற்ற தேசம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே ஹைஸ்கூல்களில் விவசாயம் போதிப்பதற்கென்றே தனியான பட்டப்படிப்பு, பல சர்வகலாசாலைகளில் நடந்து வருகிறது. அப்படிப்பு காலந்தோறும் திருத்தி அமைக்கப்பட்டும் வருகிறது. அத்திருத்தங்கள் ஏன் வேண்டியிருந்தன, அவற்றில் உள்ள சிக்கல்கள் யாவை என்பதை இங்கே சுருக்கமாக விளக்குவோம்.

ஆரம்ப வரலாறு

1862-ம் ஆண்டில் அத்தேசத்தில் மாரில் சட்டம் என்னும் சட்டம் நிறைவேறியது. காங்கிரஸ் சபையில் ஒவ்வொரு மாகாணத்திற்கும் உள்ள அங்கத்தினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் சர்க்கார் நிலம் ஒதுக்கி, அதன் விற்பனைத் தொகையைக் கொண்டு விவசாயத்தையும் யந்திரத் தொழிலையும் போதிக்கும் கலாசாலைகளை அமைக்கும்படி அச்சட்டம் வழி செய்தது. கலாசாலைகள் எழுந்தன, விவசாய சாஸ்திரமும் வளர்ந்தது. ஆயினும் கிராமத்துப் பிள்ளைகள் அனைவரும் கலாசாலைக்குச் செல்ல இயலுமோ? பெரும்பாலோருடைய படிப்பு ஹைஸ்கூலோடு நின்றது. அவர்களுக்கு விவசாயம் போதிக்க ஏற்ற ஆள் கிடைப்பது அரிதாயிருந்தது.

1908-ம் ஆண்டில் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து நார்த்தாம்ப்டன் நகரில் ஒரு விவசாயப் பாடசாலையின் தலைமையை ஏற்ற ரூபஸ் ஸ்டிம்ஸன் என்பவர் புதியதொரு முறையைக் கையாண்டார். பாடசாலைக்கென்று பெரிய பண்ணை வைத்து, மாணவர்களை அதில் கூலியாட்கள்போல் வேலை வாங்குவதில் பயன் குறைவு என்பது அவர் கருத்து. ஆகவே ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு நிலத்திலேயே ஒரு பயிரையோ, கறவை மாட்டையோ, கோழிகளையோ தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு நடத்த வேண்டும். வரவு செலவுக் கணக்கும் எழுத வேண்டும். உபாத்தியாயர் நேரிற்சென்று பார்த்து ஆலோசனை கூற வேண்டும் என்று ஏற்படுத்தினார். இலாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் அது மாணவன் கணக்கில் தெரியும். கணக்குப் புஸ்தகத்தின் மதிப்பை அறிந்த நமக்கு இம்முறையின் நன்மையை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இம்முறை 1917-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23-ந் தேதி கையெழுத்தான ஸ்மித்–ஹியூஸ் சட்டத்தில் இடம் பெற்றது. அச்சட்டத்தின்படி மத்திய சர்க்கார் விவசாய உபாத்தியாயரின் சம்பளத்திற்காக ஒரு டாலர் கொடுத்தால், மாகாணமோ உள்ளூர் ஸ்தாபனமோ மற்றொரு டாலர் கொடுக்க வேண்டும். மாணவர்கள் ஆண்டில் ஆறு மாதங்களுக்குக் குறையாமல், மேற்பார்வையின்கீழ் நிலத்தில் வேலை பழக வேண்டும். உபாத்தியாயர்களைப் பயிற்றுவதற்கும் தனியே பணம் ஒதுக்கப்பட்டது. அப்பயிற்சியை ஏற்பாடு செய்யாத மாகாணத்திற்குச் சம்பள உதவியும் நின்றுவிடும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. சட்டத்தை இயற்றினோர் சரியானதோர் உண்மையைக் கண்டுகொண்டனர். அஃதாவது, பள்ளிக்கூடத்தைக் கட்டுவதற்கு முன் உபாத்தியாயரைத் தயாரிக்க வேண்டும் என்பதே.

மாறுதல் ஏன் நேர்ந்தது?

முதலில் இப்பட்டப்படிப்பிற்கு வந்தவர்கள் பெரும்பாலும் குடியானவரின் புதல்வர்கள். ஏர் பிடித்தலும், பால் கறத்தலும், வேலி கட்டுதலும் அவர்களுக்குப் பிறந்த வீட்டிலேயே வந்தவை. சர்வகலாசாலை அவர்களுக்குச் சாஸ்திரத்தையும் போதனை முறையையும் கற்பித்தால் போதுமானதாயிருந்தது.

நாளடைவில் நிலைமை மாறிற்று. விவசாயத்தில் நேரே ஈடுபட்ட குடும்பங்களின் தொகை குறைந்தது. விளைபொருளைப் பக்குவம் செய்தல், விற்றல், யந்திரம் பழுது பார்த்தல், தோட்டக்கலை, வனப் பாதுகாப்பு முதலிய தொழில்கள் பெருகின. 1963-ம் ஆண்டில் நிறைவேறிய தொழிற்கல்விச் சட்டம், நிலத்தை உழுவோருக்கு மட்டுமன்றி இத்தொழில்களுக்குச் செல்வோருக்கும் விவசாயக் கல்வி அளிக்க இடந்தந்தது. 1928-ல் தோன்றிய எதிர்கால விவசாயிகள் சங்கம் என்னும் மாணவர் ஸ்தாபனம், 1969-ம் ஆண்டில்தான் பெண்களைத் தேசீய அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது. நிறவேற்றுமை காரணமாகக் கறுப்பு இன மாணவர்களுக்கென்று 1935-ல் தனியே நிறுவப்பட்ட தேசீய ஸ்தாபனம், 1965-ல் அச்சங்கத்தோடு இணைக்கப்பட்டது. 1988-ம் ஆண்டில் தேசீய ஆராய்ச்சிக் கவுன்ஸில் வெளியிட்ட அறிக்கை, விவசாயம் என்பது தொழிலுக்குப் போகும் சிலருக்கு மட்டுமன்றி உணவு உண்ணும் யாவருக்கும் தெரிய வேண்டிய கல்வி என்று வற்புறுத்தியது.

இவற்றின் விளைவாக, இன்று உபாத்தியாயர் படிப்பிற்கு வருவோரில் பலர் நகரத்திலும் நகரைச் சார்ந்த இடங்களிலும் பிறந்தவர்கள், பெண்கள் பெரும்பங்கினர். அவர்களிடம் ஊக்கத்திற்குக் குறைவில்லை. ஆனால் முன்னவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கைப்பழக்கத்தை இவர்களுக்குச் சர்வகலாசாலையே அளிக்க வேண்டியதாயிற்று. பழைய பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. திருத்தம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இதுவே ஆணிவேர்.

நான்கு ஆண்டு என்னும் மூலதனம்

திருத்தம் என்றவுடன் புதிய பாடங்களைச் சேர்ப்பதே என்று பலர் எண்ணுவர். இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். அந்நாட்டுப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகளில் சுமார் 120 அலகுகளைக் கொண்டது. வாரம் ஒரு மணி நேரம் வீதம் சுமார் 15 வாரம் வகுப்பில் கற்பது ஓர் அலகு. சில மாகாணங்களில் 120-க்கு மேல் போகலாகாது என்ற விதியும் உண்டு. ஆகவே அது பங்கு மூலதனம் போன்றது. அதற்கு மேற்பட்டுச் செலவு செய்ய வழியில்லை.

விஷயம் விளங்கும்பொருட்டு ஓர் உத்தேசக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பாஷை, கணிதம், ரசாயனம், சரித்திரம் முதலிய பொதுப் பாடங்களுக்கு 42, விவசாயப் பாடங்களுக்கு 45, போதனை சாஸ்திரத்திற்கு 18, ஒரு ஹைஸ்கூலில் அனுபவமுள்ள உபாத்தியாயரின் கீழ் இருந்து போதனை பழகுவதற்கு 12, மாணவர் விருப்பத்திற்கு 3, ஆக 120. இதில் விவசாயத்திற்குரிய 45 அலகுகளைக் கவனியுங்கள். அந்நாட்டில் விவசாயக் கல்வியை எட்டுப் பிரிவுகளாக வகுத்திருக்கின்றனர். அவை பயிர், கால்நடை, யந்திரமும் கட்டடமும், விவசாய வியாபாரம், உணவுப் பொருள் பக்குவம், இயற்கை வளம், சுற்றுப்புறப் பாதுகாப்பு, உயிரியல் தொழில்நுட்பம் என்பன. 45-ஐ எட்டால் வகுத்தால் பிரிவொன்றுக்கு ஆறு அலகுகூடத் தேறாது. அஃதாவது இரண்டு பாடங்களுக்கும் சற்றுக் குறைவு. இந்த இரண்டு பாடங்களின் பலத்தைக்கொண்டு, ஓர் உபாத்தியாயர் காலையில் மண்ணைப் பற்றியும், மத்தியானத்தில் பற்றவைப்பு வேலையைப் பற்றியும், மாலையில் பசுவின் சினை விஷயத்தைப் பற்றியும் போதிக்க வேண்டும்!

எனவே மூன்று அலகு கொண்ட ஒரு புதிய பாடத்தைச் சேர்க்க விரும்புவோர், எந்த மூன்று அலகை நீக்குவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வரவு காட்டாமல் செலவை மட்டும் தீர்மானிக்கும் பஞ்சாயத்தாரை எந்தச் சங்கமும் நெடுநாள் பொறுக்காது.

எதைக் குறைப்பது?

பட்டறை வேலையைக் குறைக்கலாம் என்று சிலர் கூறுவர். பட்டறைக்கு யந்திரமும் சாமான்களும் வேண்டும், செலவு அதிகம், ஒரு தடவையில் சிலருக்கே கற்பிக்க முடியும். ஆனால் இங்கே மிச்சம் பிடித்தால் அதன் பலன் ஹைஸ்கூலில் தெரியும். தாமே நெருப்பையும் மின்சாரத்தையும் கையாண்டு பழகாத புது உபாத்தியாயர், இருபது சிறுவர்களை அவற்றின் முன் நிறுத்தி மேற்பார்க்க நேரிடும். அது பயிர் நஷ்டத்தினும் பெரிய ஆபத்து.

போதனை சாஸ்திரத்தைக் குறைக்கலாம் என்பர் வேறு சிலர். விஷயம் தெரிந்தவனுக்குச் சொல்லவும் தெரியும் என்பது அவர்கள் வாதம். அது முற்றிலும் சரியன்று. நம் ஊரில் நன்றாக நாற்று விடத் தெரிந்த பெரியவர் எத்தனையோ பேர் உளர். ஏன் அவ்வாறு செய்கிறீர் என்று கேட்டால் விளக்கிச் சொல்ல வல்லவர் சிலரே. தாம் அறிதல் ஒன்று. பிறர் அறியச் செய்தல் மற்றொன்று.

படிப்பை ஐந்து ஆண்டாக நீட்டலாம் என்பது மூன்றாவது யோசனை. அதற்குச் செலவு அதிகம். ஏழை மாணவர் விலகுவர். மேலும் அந்நாட்டில் தகுதி பெற்ற விவசாய உபாத்தியாயர் போதாமை நெடுநாளையக் குறை. இத்தொழிலுக்கு இளைஞரை அழைப்பதற்கென்றே 2009-ல் ஒரு தேசீய இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. இந்நிலையில் வாசலை இன்னும் குறுக்குவது விவேகமாகாது.

ஆகவே பயன் தரக்கூடிய திருத்தம் பாடங்களைக் கூட்டுவதிலன்று, உள்ள பாடங்களை மாற்றி அமைப்பதில்தான் இருக்கிறது. பொதுக் கணிதத்தில் பண்ணைக் கணக்கை உதாரணமாக வைக்கலாம். அதற்குத் தனி அலகு வேண்டுவதில்லை. இரண்டு பாடங்களில் ஒரே விஷயம் இருமுறை வந்தால் ஒன்றில் நீக்கலாம். கைப்பழக்கம் இல்லாத மாணவர் விடுமுறை மாதங்களில் ஒரு குடியானவரிடம் இருந்து வேலை பழகி, அதைச் செய்து காட்டித் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதிக்கலாம். பள்ளிக்கூடத்தை முதன்முறையாக நான்காம் ஆண்டில் எட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, முதலாண்டு முதற்கொண்டே சிறிது சிறிதாகப் பார்த்துவரச் செய்யலாம். பயிர் கோடை விடுமுறைக்காகக் காத்திருப்பதில்லை. அதனால்தான் அந்நாட்டில் பல விவசாய உபாத்தியாயர்களை மற்ற உபாத்தியாயர்களைவிட அதிக மாதங்களுக்கு நியமிக்கின்றனர். போதனைப் பழக்கமும் அவ்வாறே விதைப்பிலோ அறுவடையிலோ ஒன்றையாவது கண்ணாற் காணும்படி அமைய வேண்டும்.

யாருடைய அபிப்பிராயத்தைக் கேட்பது?

பட்டம் பெற்று ஓரிரு ஆண்டு வேலை பார்த்த உபாத்தியாயரே முதற்சாட்சி. எந்தப் பாடம் உதவிற்று, எதைக் கற்கவில்லையே என்று வருந்தினோம் என்பதை அவர்தாம் சொல்ல முடியும். அந்நாட்டில் இவ்வாறு விசாரித்தபொழுதெல்லாம், மாணவரின் வீட்டுத் திட்டங்களை மேற்பார்த்தல், மாணவர் சங்கத்தை நடத்துதல், பட்டறையை நிர்வகித்தல் ஆகியவற்றில் பயிற்சி போதவில்லை என்ற குறை அடிக்கடி வெளிவந்திருக்கிறது. அடுத்தபடியாகப் பள்ளித் தலைவர்கள். அதன்பின் உள்ளூர்க் குடியானவரும் வியாபாரிகளும் அடங்கிய ஆலோசனைக் கமிட்டி. இக்கமிட்டிகள் அங்கே நெடுநாளைய வழக்கம்.

கடன் விஷயமும் உபாத்தியாயருக்குத் தெரிய வேண்டும். அந்நாட்டு விவசாய இலாகா 10 முதல் 20 வயது வரையுள்ள இளைஞருக்கு, இத்தகைய திட்டங்களுக்கென்று கடன் வழங்குகிறது. ஆனால் தக்கவர் ஒருவர் திட்டத்தை மேற்பார்க்க வேண்டும். கடனை எதற்கு வாங்குவது, எப்பொழுது திருப்புவது என்பதை இளமையிலேயே பழகியவன், பிற்காலத்தில் சங்கத்திற்கு ஏற்ற அங்கத்தினன் ஆவான்.

நமக்குரிய கடமை

இது நமக்குப் புதிய கருத்தன்று. பஞ்சாபில் பொதுப் பாடம் போதித்த உபாத்தியாயர்களையே லயால்பூர் விவசாயக் கலாசாலைக்கு ஓராண்டு அனுப்பிப் பயிற்றி, கிராமப் பள்ளிகளில் சிறு நிலங்களோடு விவசாயம் கற்பித்த முறையை, 1928-ல் ராயல் விவசாயக் கமிஷன் தன் அறிக்கையில் பாராட்டிற்று. இன்று நம் நாட்டு விவசாயப் பட்டப்படிப்பில், மாணவர்கள் இறுதி ஆண்டில் கிராமத்தில் தங்கிக் குடியானவரோடு பழகிக் கற்கும் ஏற்பாடு இருக்கிறது. அவர்களிற் சிலர் நாளை உபாத்தியாயராவர். சிலர் விவசாய அதிகாரிகளாவர்.

அவர்கள் ஊருக்கு வரும்போது நம் சங்கங்கள் மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, நன்றாகச் சாகுபடி செய்யும் அங்கத்தினர் ஒருவரிடம் ஒரு போகத்தின் வேலைகளை அவர்கள் கையாலேயே செய்யும்படி விடலாம். வேடிக்கை பார்க்கச் செய்வதிற் பயனில்லை. இரண்டாவது, கடன் மனு முதல் வசூல் வரையுள்ள கணக்குகள் எவ்வாறு நடக்கின்றன என்பதை, அங்கத்தினர் பெயர்களை வெளியிடாமல், விளக்கிக் காட்டலாம். மூன்றாவது, அவர்கள் திரும்பிச் செல்லுமுன் பஞ்சாயத்தார் கூடி, இவர்களுக்கு எது தெரிந்திருந்தது, எது தெரியவில்லை என்பதை மரியாதையான சொற்களில் எழுதிக் கலாசாலைக்கு அனுப்பலாம். சர்வகலாசாலையார் பாடத்திட்டத்தைத் திருத்த உட்காரும்பொழுது, கிராமத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றாவது அவர்கள் மேஜைமேல் இருக்கட்டும். பயிரின் குறையை முதலில் காண்பவன் உழுபவனே. உபாத்தியாயர் படிப்பின் குறையையும் அவன் சொல்லக் கேட்டல் நலம்.