அலிகாரில் படிக்க வந்த ஆட்டக்காரர்

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, சித்தூரில் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"சார், ஒரு யோசனை கேக்கணும். பையனைக் கொல்கத்தாவில ஒரு கிளப்புல செலக்‌ஷனுக்குக் கூப்பிட்டிருக்காங்க. பதினாறு வயசுதான் ஆகுது. அனுப்பலாமா?"

பையனை எனக்குத் தெரியும். திருப்பதியில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்களே, நாலு பக்கமும் வலை கட்டிய 'டர்ஃப்', அங்கே விளக்கு வெளிச்சத்தில் ஐந்துக்கு ஐந்து ஆடுவார்கள். என் பேரனைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம் இந்தப் பையனைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். நடுக்கள ஆட்டக்காரன். நடுக்களம் என்றால் என்ன என்று கேட்கும் தாய்மார்களுக்கு ரேணிகுண்டா ஜங்ஷனைச் சொல்வேன். ஒரு பக்கம் அரக்கோணம், ஒரு பக்கம் கூடூர், இன்னொரு பக்கம் கடப்பா, நாலாவது திருப்பதி. எந்த வண்டி எந்தப் பாதையில் போக வேண்டும் என்று கேபினில் இருப்பவர் வண்டி வருவதற்கு முன்பே முடிவு செய்து பாயிண்டைத் திருப்பி வைத்திருக்க வேண்டும். வந்த பிறகு யோசித்தால் காரியம் கெட்டது. நடுக்களக்காரனின் வேலையும் அதுதான்.

அன்பருக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மஜீத் பிஷ்கர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

1980ல் எனக்கு வயது 21. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் இருந்த சித்தப்பா வீட்டில் சில மாதம் தங்கியிருந்தேன். காலையில் விண்ணப்பம் எழுதுவது, மாலையில் மைதானத்துக்குப் போவது. அந்த ஊரில் எவரும் உங்கள் பெயரைக் கேட்கும் முன் ஈஸ்ட் பெங்காலா, மோகன் பகானா என்று கேட்பார்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். ரசம் சாதக்காரனான நான் பக்கத்து வீட்டாருக்குப் பயந்து ஈஸ்ட் பெங்கால் ஆனேன்.

அந்த வருஷம் ஈஸ்ட் பெங்காலின் பழைய ஆட்டக்காரர்கள் பலர் கிளப்பை விட்டுப் போயிருந்தார்கள். பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. அவரும் நம்ம ரயில்வேக்காரர்தான். 1958ல் கிழக்கு ரயில்வே அணி கல்கத்தா லீக்கை வென்றபோது அதில் ஆடியவர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைவர். அந்த ஆண்டு அவருடைய அணிக்கு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்திருந்த ஈரானிய மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். மஜீத் பிஷ்கர், ஜம்ஷித் நசிரி, மஹ்மூத் கபாஜி. இவர்களில் மஜீத் 1978 உலகக் கோப்பைக்கான ஈரான் அணியில் இடம் பெற்றவர். கொர்ரம்ஷஹர் என்ற துறைமுக ஊரின் கிளப்பில் ஆடியவர். உலகக் கோப்பை வரை போனவர் எப்படி அலிகாரில் பாடப்புத்தகத்தோடு இருந்தார் என்று கல்கத்தாவே வாயைப் பிளந்தது.

அவர் ஆடியதைக் காலரியில் நின்று பார்த்தேன். பந்து காலுக்கு வரும் முன்பே தலை ஒருமுறை திரும்பிவிடும். வந்ததும் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு சாவதானமாக நிற்பார். அவர்கள் நெருங்கும்போது பந்து அங்கே இருக்காது. ஜம்ஷித்தின் முன்னால் இருக்கும். ஓடி ஓடி ஆடுகிறவர்களையே பார்த்திருந்த எனக்கு, நின்று ஆடுகிறவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வங்காளிகள் அவருக்கு 'பாட்ஷா' என்று பெயர் வைத்தார்கள். நம் ரஜினிக்கு அந்தப் பெயர் வந்தது 1995ல்தான்! அந்த ஆண்டு ஃபெடரேஷன் கோப்பையை ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் பகிர்ந்துகொண்டன. பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை ஈஸ்ட் பெங்காலும் முகம்மதன் ஸ்போர்ட்டிங்கும் பகிர்ந்துகொண்டன.

ஆகஸ்ட் 16ஆம் தேதி ஈடன் கார்டனில் இந்த இரு பெரிய கிளப்களின் ஆட்டத்தில் கலவரம் மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். அன்று நான் ஜுரத்தில் படுத்திருந்தேன். "இனி நீ மைதானப் பக்கம் போனா, நேரா ஊருக்கு ரயில் ஏத்திடுவேன்" என்றார் சித்தப்பா. சித்தி ஒன்றும் பேசாமல் என் நெற்றியில் விபூதி இட்டாள்.

இப்போது யோசித்தால், எனக்குச் சித்தப்பா இருந்தார், சித்தி இருந்தாள், ரசம் இருந்தது. மஜீத்துக்கு யார் இருந்தார்கள் என்று அப்போது ஒருநாளும் நினைத்ததில்லை. செப்டம்பரில் ஈராக் ஈரான் மீது படையெடுத்தது. முதலில் அடிபட்ட ஊர்களில் ஒன்று கொர்ரம்ஷஹர். நவம்பருக்குள் அது விழுந்துவிட்டது. 1982 மே மாதம்தான் ஈரான் அதை மீட்டது. அதற்குள் ஊரே இடிபாடு. மாலையில் ஆயிரக்கணக்கானோர் தன் பெயரைக் கத்திக் கூப்பிட, இரவு ரேடியோவில் தன் ஊர் எரிவதைக் கேட்பது எப்படி இருந்திருக்கும்? எனக்குச் சித்தூரிலிருந்து கடிதம் வர ஒரு வாரம் தாமதமானாலே சோறு இறங்காது.

1982ல் அவர் முகம்மதன் ஸ்போர்ட்டிங்குக்குப் போனார். அதற்குள் ஆட்டம் தளரத் தொடங்கியிருந்தது. தனிமையும் கெட்ட பழக்கமும் சேர்ந்துகொண்டன என்று எழுதினார்கள். நேரில் தெரியாததை நான் நீட்டவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் சத்தமில்லாமல் ஈரான் திரும்பிவிட்டார். ஆட்டத்தில் அவருக்கு ஒரு படி கீழே என்று நாங்கள் வைத்திருந்த ஜம்ஷித்தோ கல்கத்தாவிலேயே குடும்பம் அமைத்துத் தங்கிவிட்டார்.

அதே எண்பதுகளில் அமெரிக்காவிலும் இப்படி ஒரு நடுக்களக்காரர் போய் இறங்கினார். 1963ல் பெல்கிரேடில் பிறந்த பிரெட்ராக் ராடோசாவ்லிவிச்; ப்ரெக்கி என்றால்தான் தெரியும். 1985ல் டகோமா நகரத்தின் உள்ளரங்க அணியில் சேர்ந்தார். உள்ளரங்கக் கால்பந்து என்பது ஐஸ் ஹாக்கி அரங்கு அளவு இடத்தில், சுற்றிலும் பலகை அடித்து, அணிக்கு ஆறு பேர் ஆடுவது. பந்து பலகையில் பட்டுத் திரும்பி வரும். யோசிக்க அரை விநாடிதான் கிடைக்கும். நம் டர்ஃபுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லீக் 1992ல் மூடப்பட்டது. அவர் இங்கிலாந்தில் எவர்ட்டனுக்குப் போய் வெளிமைதானத்தில் ஆடினார், மீண்டும் உள்ளரங்கம், 1996ல் கான்சாஸ் சிட்டி. அமெரிக்கக் குடியுரிமையும் அந்த ஆண்டே கிடைத்தது. 1998 பிப்ரவரியில் பிரேசிலை அமெரிக்கா 1-0 என்று வென்றபோது அந்த ஒரு கோல் இவருடையது. 2003ல், நாற்பது வயதில், லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது இரண்டாம் முறையாக. சின்ன அரங்கில் கற்ற கால் வேலைதான் அந்த வயதிலும் கைகொடுத்தது என்பது என் கணக்கு. ஒரு கதவு அடைத்தால் இன்னொன்று திறக்கும்படி அங்கே தொழில் இருந்தது. கல்கத்தாவில் மழைக்கால லீக் முடிந்தால் அடுத்து என்ன என்பது கிளப் அதிகாரிகளின் தயவு.

நான் ஓய்வு பெற்ற 2019ல், ஈஸ்ட் பெங்கால் நூற்றாண்டு விழாவுக்கு மஜீத்தை அழைத்திருந்தார்கள். ஆகஸ்ட் மாதம், விடியாத நேரத்தில் வந்த விமானம். நூற்றுக்கணக்கானோர் விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். அவர் ஆடியதைப் பார்க்கப் பிறந்தே இராத பிள்ளைகள்! டி.வி.யில் பார்த்த என் மனைவி, "யாரு இந்தப் பெரியவர், இப்படி அழறீங்க?" என்றாள். விபூதி இட்ட சித்தி அதற்கு ஆறு வருஷம் முன்பே போய்விட்டாள். யாருக்காக அழுதேன் என்று எனக்கே தெரியாது.

ஜம்ஷித்தின் மகன் கியான் கொல்கத்தாவில் வளர்ந்தவர். 2022 ஜனவரி 29ல் மோகன் பகான் பக்கம் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, அப்பாவின் பழைய கிளப்புக்கு எதிராகவே மூன்று கோல் போட்டார். 2024ல் சென்னையின் அணிக்கு வந்தார். நானும் பேரனும் சப்தகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய் நேரு ஸ்டேடியத்தில் அவரை நீலச் சட்டையில் பார்த்தோம். ஈரானிலிருந்து அலிகார், அங்கிருந்து கல்கத்தா, 2024ல் மகன் சென்னையில். ரேணிகுண்டா தோற்றது போங்கள்.

மறுவாரம் சித்தூர் அன்பரின் கடைக்கே போனேன். "பையன் ஆட்டத்தில எனக்குச் சந்தேகமில்லை. அங்கே அவனுக்கு யார் இருக்காங்க?" என்றேன். "யாருமில்லை சார். ஹாஸ்டல்தான்."

அங்கிருந்தே கொல்கத்தாவில் இருக்கும் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் அவன் வீட்டுக்கு வந்து சாப்பிட வேண்டும், ஜுரம் வந்தால் அவன் போய்ப் பார்க்க வேண்டும், இவ்வளவுதான் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவன் கடைசியில், "அண்ணா, பையன் மீன் சாப்பிடுவானா?" என்றான்.

அன்பரைப் பார்த்தேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பதில் சொன்னார்: "முட்டை வரைக்கும் பழகியிருக்கான்."